பாரசீகப் பாட்டுக்கு இடைத்தரகர் எதற்கு?

பனவடலிசத்திரம்! பனையின் இளங்கன்றுக்கு வடலி என்று பெயர். அந்த வடலியையும், வழிப்போக்கர்க்கு நிழல் தந்த சத்திரத்தையும் ஒருசேரத் தன் பெயரிலே சுமந்து நிற்கும் ஊர். நெல்லையிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் வழியில், ஒரு மாலைப் பொழுதில் அங்கே பேருந்துக்குக் காத்து நின்றோம். தேநீர்க் கடையில் இளைஞர் சிலர். இயக்க ஏடுகள் படிப்பவர்கள், நம்மை அறிந்தவர்கள். அவருள் ஒருவர் கைப்பேசியைத் திறந்து, ரூமி என்ற பெயரால் உலவும் ஆங்கில வாசகம் ஒன்றைப் படித்துக் காட்டிவிட்டு, "அண்ணே, இவரு மதத்தையே தூக்கி எறிஞ்சவராமே! நம்ம ஆளுதானே?" என்று கேட்டார். நாம் வாய் திறக்குமுன் அவர் தோழர் பாய்ந்தார்: "நம்ம ஆளா? தர்காவிலே போர்வை போர்த்துகிற கூட்டம்லா அது! அதைப் போயி நம்ம ஆளுங்கிறியே!"

"இருவரும் படித்தீர்களா, தம்பி?" என்றோம்.

படிக்கவில்லை. ஒருவர் வாசகத்தைக் கண்டார். மற்றவர் கந்தூரியைக் கண்டார். பாட்டை இருவருமே காணவில்லை. பேருந்து வந்துவிட்டது. அன்று சொல்ல நேரமில்லாது போனதை இன்று எழுதுகிறோம்.

கடவுளுக்கும் மனிதனுக்கும் நடுவே தரகர் எதற்கு என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மந்திரத்தின் பொருள் தெரியாமல் தலையாட்டுவது அடிமைத்தனம் என்று மேடைதோறும் முழங்கியவர்கள். அத்தகைய நாம், ஒரு கவிஞனைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது மட்டும் எவனோ மொழிபெயர்த்த நான்கு வரியையோ, எவனோ கட்டிய கல்லறையையோ கண்டு தீர்ப்புச் சொல்வது எப்படித் தகும்? புரோகிதன் ஓதினால் பொருள் கேட்போம். ஆங்கிலத்தில் அச்சானால் கேட்க மாட்டோமா?

பாரசீகம் என்றதும் எங்கோ தொலைதூரத்து ரோஜாத் தோட்டம் என்று எண்ணுவோர் உளர். தொலைதூரமன்று, நம் தாலுகா அலுவலகத்துக்குள்ளேயே அது குடியிருக்கிறது. 1755-இல் ஆர்க்காட்டு நவாபின் தமையன் மகபூஸ்கானும், கும்பினிப் படையின் கர்னல் ஹெரானும் வரி வாங்க நெல்லைச் சீமைக்குள் புகுந்தனர். சங்கரன்கோவிலுக்கு அணித்தேயுள்ள நெற்கட்டும்செவல் பாளையக்காரர் பூலித்தேவர் தர மறுத்தார் என்பது நம் பிள்ளைகள் அறிந்த கதை. ஆனால் அந்த நவாபின் அரசவை எந்த மொழியில் கணக்கு எழுதிற்று என்று யாரும் கேட்பதில்லை. பாரசீகத்தில் எழுதிற்று! பாரசீகம் இந்தச் செம்மண்ணுக்கு முதன்முதல் கவிதையாக வரவில்லை, கிஸ்தியாக வந்தது. சர்க்கார், ஜமீன்தார், தாசில்தார், ஜமாபந்தி, வசூல், பாக்கி, ரசீது, தஸ்தாவேஜு, பிராது, சிபாரிசு எல்லாம் அந்தக் கச்சேரி வாசல் வழியே நுழைந்த சொற்கள். இவற்றுட் பலவற்றுக்கு வேர் அரபியில் உண்டு; எனினும் நம்மிடம் கொண்டுவந்து சேர்த்த வண்டி பாரசீகம். ஜமீன்தாரிலும் தாசில்தாரிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்தத் 'தார்', 'உடையவன்' என்று பொருள்படும் பாரசீக விகுதி. உடையவன் யார், உழைத்தவன் யார் என்பது வேறு வழக்கு.

இனி ஒரு விந்தை. வடபுலத்து முசுலிம்கள் தொழுகையை நமாஸ் என்பர். நோன்பை ரோஜா என்பர். இறைவனைக் குதா என்பர். மூன்றும் பாரசீகச் சொற்கள். நம் மேலப்பாளையத்தாரும் காயல்பட்டினத்தாரும் என்ன சொல்கின்றனர்? தொழுகை, நோன்பு, இறைவன், பள்ளிவாசல்! வரி கேட்டவன் மொழி கச்சேரியோடு நின்றது. வழிபாட்டின் அடுக்களை வரைக்கும் அதனால் வர இயலவில்லை. இசுலாம் இங்கே பெரிதும் அரபுக் கடல்வழி வந்தது. வந்த இடத்தில் தமிழ் பேசியது. ஆகவே 'சூஃபியம் என்றாலே பாரசீகம்' என்று எழுதும் ஆய்வாளர்கள், தென்பாண்டிக் கரையில் ஒரு நாள் நின்று பார்த்திருந்தால் அவ்வளவு எளிதாக எழுதியிருக்க மாட்டார்கள். சங்கரன்கோவிலில் 1902-இல் பிறந்த பாவாணர் இருந்திருந்தால், இந்த இரு பட்டியல்களையும் எதிரெதிரே வைத்து ஒரு நூலே எழுதியிருப்பார் எனத் தோன்றுகிறது.

பாட்டின் வழியே வந்த பாரசீகம் அறவே இல்லையா? உண்டு, சிறிதளவு. 1572-இல் வண்ணப் பரிமளப் புலவர் பாடிய ஆயிர மசலா, ஆயிரம் வினாக்களுக்கு விடை கூறும் நூல். இன்று முழுமையாகக் கிடைக்கும் தமிழ் இசுலாமிய நூல்களுள் பழமையானதாகக் கருதப்படுவது. அதன் மூலம் பாரசீகம் என்பர். 'நாமா' என்றொரு பாவகை தமிழுக்கு வந்ததும் அப்படியே. பிர்தௌசி 1010-இல் பாடி முடித்த ஷாநாமாவில் இருக்கும் 'நாமா' அதுதான். அரபு ஆட்சி வந்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின், அரபுச் சொற்களை மிகக் குறைவாகவே கையாண்டு, ஐம்பதாயிரம் ஈரடிகள் அளவுக்குத் தன் மொழியின் பழங்கதையைப் பாடினான் அந்தப் புலவன். தனித்தமிழ் வரலாறு படித்த நமக்கு அந்த முயற்சியின் வெப்பம் எளிதில் புரியும்.

கவிமணிக்கு வருவோம். இளைஞர் பலருக்குப் பாரசீகம் என்றால் உமர் கய்யாம். உமர் கய்யாம் என்றால் கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1945-இல் தந்த நூல். இனிமை என்றால் அப்படியோர் இனிமை! நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம் பாடிச் சமூகத்தின் புண்ணைச் சிரித்துக்கொண்டே கீறிக் காட்டிய கை அல்லவா? அந்தக் கையின் சொல் தேனாகத்தான் இருக்கும். குறை சொல்ல நாம் வரவில்லை. ஆனால் கவிமணியின் கையில் இருந்தது பாரசீக ஏடன்று. பிட்ஸ்ஜெரால்டு என்ற ஆங்கிலேயரின் நூல். புத்தரை எட்வின் ஆர்னால்டு வழியே கண்டு ஆசிய ஜோதி பாடியவர், கய்யாமை பிட்ஸ்ஜெரால்டு வழியே கண்டார். ஆசியாவின் இரு பெருமக்களும் தேரூருக்கு வர இலண்டன் சுற்றி வரவேண்டியிருந்தது!

அந்த ஆங்கில நூலின் வரலாறு என்ன? கய்யாம் நிசாப்பூரில் 1048-இல் பிறந்து 1131-இல் மறைந்தவர். சீராசில் 1460 அளவில் எழுதப்பட்ட ஏடு ஒன்று 158 பாடல்களுடன் ஆக்ஸ்போர்டில் கிடந்தது. புலவர் இறந்து முந்நூற்று முப்பது ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்பதைக் குறித்துக் கொள்க. கவ்வல் என்ற அறிஞர் 1856-இல் அதைக் கண்டு தம் நண்பர் பிட்ஸ்ஜெரால்டுக்குத் தந்தார். பின் கல்கத்தாவிலிருந்தும் ஒரு படி அனுப்பினார். 1859-இல் 75 பாடல்களாக ஆங்கிலக் கய்யாம் வெளிவந்தார். ஹெரன்-ஆலன் என்பவர் 1899-இல் வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே மூலப்பாடலை ஒட்டியவை 49. பல பாடல்களைப் பிசைந்து உருட்டியவை 44. இன்னும் சில அத்தாரையும் ஹாஃபிஸையும் தழுவியவை என்று கண்டார். ஆக, நாம் கய்யாம் என்று சுவைத்த கிண்ணத்தில் வேறு புலவர்களின் மதுவும் கலந்திருக்கிறது. ஊற்றிக் கொடுத்தவர் ஓர் ஆங்கிலேயர்.

இதனால் என்ன, பாட்டு நன்றாயிருந்தால் போதாதா என்பீர்கள். சுவைக்குப் போதும், வழக்குக்குப் போதாது. நம் மேடைகளில் 'கய்யாம் நாத்திகர்' என்று முழங்குகிறோமே, அதற்குச் சான்று வேண்டாமா? 1867-இல் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் நிக்கொலா, கய்யாம் சூஃபி என்றார். அவர் பாடும் மது இறையன்பு என்றார். இல்லை, மது மதுவே என்று மறுத்தார் பிட்ஸ்ஜெரால்டு. ஈரானிய எழுத்தாளர் சாதிக் ஹிதாயத் 1934-இல் 143 பாடல்களை மட்டும் பொறுக்கி, இவையே ஐயுறவாளனின் குரல் என்றார். ஒவ்வொருவரும் தமக்கு வேண்டிய கய்யாமைச் செய்து கொண்டனர்.

இதற்கிடையே ஏடு விற்போர் சும்மா இருப்பார்களா? 1949-லும் 1952-லும் பேரறிஞர் ஆர்பெர்ரி, பதின்மூன்றாம் நூற்றாண்டின் ஏடுகள் என நம்பி இரண்டை வெளியிட்டார். பின்னர் அவை போலி எனத் தெரிந்தது. 1967-இல் ஆங்கிலக் கவி ராபர்ட் கிரேவ்ஸ், ஒமர் அலி ஷா என்பவரோடு சேர்ந்து, பன்னிரண்டாம் நூற்றாண்டு ஏட்டிலிருந்து எடுத்த 'உண்மைக் கய்யாம்' என்று ஒரு நூல் வெளியிட்டார். கய்யாம் சூஃபியே என்பது அதன் கட்சி. ஏட்டைக் காட்டுங்கள் என்றனர் அறிஞர். ஏடு வரவே இல்லை. எடின்பரோவில் பாரசீகம் கற்பித்த எல்வெல்-சட்டன், அந்த ஏடு வேறெங்குமில்லை, ஹெரன்-ஆலனின் 1899-ஆம் ஆண்டு நூலுக்குள்தான் இருக்கிறது என்று காட்டினார். ஒப்பீட்டுக்காக அவர் அடுக்கிய வரிசையே 'பழைய ஏடு' ஆகியிருந்தது!

இதைப் படித்து, சூஃபிக் கட்சி தோற்றது என்று நாம் கைதட்டி விடலாம். கைதட்டுமுன் எண்ணிப் பாருங்கள். எந்தப் பாடல் அவர் பாடியது என்பதே உறுதியில்லாதபோது, கய்யாம் நாத்திகர் என்ற நம் முழக்கமும் அதே மணலில்தான் நிற்கிறது. முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுகளால் தீர்த்த கணிதர் என்பது உறுதி. 1079-இல் நடைமுறைக்கு வந்த ஜலாலி நாட்காட்டியை வகுத்தவருள் ஒருவர் என்பது உறுதி. அவற்றைச் சொல்லுவோம். தனக்குச் சாதகமான சான்றை மட்டும் சோதிக்காமல் விழுங்குகிறவன், எந்த நிறத்துச் சட்டை அணிந்திருந்தாலும் பக்தனே.

ரூமியின் கதை இன்னும் வேடிக்கை. 1207-இல் பிறந்து 1273-இல் கோனியாவில் மறைந்தவர். அவருடைய மஸ்னவி ஆறு பாகம், ஏறத்தாழ இருபத்தையாயிரம் ஈரடிகள். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் நிக்கல்சன் 1925 முதல் 1940 வரை எட்டுத் தொகுதிகளாக மூலம், மொழிபெயர்ப்பு, உரை மூன்றும் தந்தார். ஓர் ஆயுளின் உழைப்பு, தலை வணங்குகிறோம். ஆனால் மஸ்னவியில் நாட்டுப்புறத்துக் கொச்சைக் கதைகள் பல உண்டு. காமமும் கழுதையும் வரும் கதைகள். அவ்விடங்களை நிக்கல்சன் ஆங்கிலத்தில் தரவில்லை, இலத்தீனில் தந்தார்! இலத்தீன் படித்த பெரிய இடத்துப் பிள்ளைகள் படிக்கலாம். ஆலைத் தொழிலாளி படிக்கக் கூடாது. கோனியாவின் எளிய மக்கள் காதாரக் கேட்டதை இங்கிலாந்தின் எளிய மக்களுக்கு மறைத்தார் ஓர் ஆராய்ச்சியாளர். வேதம் யார் காதில் விழலாம், யார் காதில் விழலாகாது என்று வகுத்த கதை நமக்குப் புதிதா என்ன?

அவர் மறைத்தார், அடுத்து வந்தவர் கழுவினார். பனவடலிசத்திரத்துக் கைப்பேசியில் நாம் கண்ட ஆங்கிலம், கோல்மன் பார்க்ஸ் என்ற அமெரிக்கக் கவிஞரின் வழிவந்த ரூமி. 1995-இல் வெளியான அவர் தொகுப்பு பெருவாரியாக விற்றது. அவருக்குப் பாரசீகம் தெரியாது. நிக்கல்சன் முதலியோரின் ஆங்கிலத்தை எடுத்து வேறு ஆங்கிலம் ஆக்கினார். ஆக்கும்போது குர்ஆன், நபி, தொழுகை முதலியவை பெரும்பாலும் உதிர்ந்து போயின. நம் இளைஞர் கண்ட 'மதத்தைத் தூக்கி எறிந்த ரூமி' இப்படிப் பிறந்தவர். உண்மை ரூமி சமயக் கல்வி கற்றுத் தந்த மௌலானா. மதத்தின் உள்ளே நின்று அதன் சடங்கோடு சண்டையிட்டவர். வெளியேறியவர் அல்லர். அந்தச் சண்டை நமக்குப் பயன்படும்; பொய்யான வெளியேற்றம் பயன்படாது.

மொழி தெரியாமல் இந்தக் கவிதைக்குள் நுழைவது ஏன் இடர் என்பதற்கு இரண்டு சான்று. பாரசீகத்தில் அவன், அவள் என்ற வேறுபாடு கிடையாது. 'ஊ' என்ற ஒரே சொல் இருவருக்கும், இறைவனுக்கும். காதலி பாடப்படுகிறாளா, நண்பனா, கடவுளா என்பதைப் பாட்டு சொல்லாது. அந்த மயக்கத்தின் மேல்தான் கஜல் என்ற மாளிகையே எழும்பியிருக்கிறது. மொழிபெயர்ப்பவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்த அந்தக் கணமே மாளிகையில் பாதி இடிந்துவிடுகிறது. மற்றொன்று அத்தாரின் பறவைக் கதை. தம் அரசனான சீமுர்க் என்ற பெரும்பறவையைத் தேடிப் பறவைகள் புறப்படுகின்றன. ஏழு பள்ளத்தாக்கு கடந்து எஞ்சுபவை முப்பது. அங்கே அரசன் இல்லை, தம்மையே காண்கின்றன. பாரசீகத்தில் 'சீ' முப்பது, 'முர்க்' பறவை. முப்பது பறவைதான் சீமுர்க்! காவியத்தின் முடிச்சு முழுவதும் ஒரு சொல்லின் பிளவில் இருக்கிறது. தேடிப் போனவன் தன்னைத்தான் கண்டான், அரியணை காலி என்று ஒரு சமயப் புலவனே பாடியிருக்கிறான். இதைப் படிக்காமலா ஒதுக்குவது?

ஒதுக்கத்தான் வேண்டும், கொளுத்தத்தான் வேண்டும் என்று சொன்ன ஒருவர் ஈரானிலேயே இருந்தார். நம் இளைஞருள் அவர் பெயரைக் கேட்டவர் மிகச் சிலரே. அஹ்மத் கஸ்ரவி! தப்ரீஸ் நகரில் 1890-இல் பிறந்தார். மதகுருப் பயிற்சி பெற்று, தலைப்பாகையைத் துறந்து வெளியேறினார். வழக்கறிஞர், நீதிபதி, வரலாற்றாசிரியர். ஈரானிய அரசியலமைப்புப் புரட்சியின் வரலாற்றை எழுதியவர். அரபுச் சொற்களைக் களைந்து தூய பாரசீகம் எழுத முயன்றவர். மதகுருமாரை எதிர்த்தார், மூடநம்பிக்கையை எதிர்த்தார். ஆம், இவர் நமக்கு அயலாராகத் தோன்றவே இல்லை. அவரே சூஃபியத்தையும் ஹாஃபிஸின் கவிதையையும் கடுமையாகத் தாக்கித் தனித்தனி நூல்கள் எழுதினார். உழைக்காமல் உண்ணும் துறவு, பிச்சையை அறமாக்கும் போதனை, எல்லாம் விதி என்று சொல்லிவிட்டு அடுத்த வரியிலேயே முயற்சியைப் போற்றும் முரண்பாடு, மங்கோலியர் படையெடுத்தபோது எதிர்த்து நிற்கும் முதுகெலும்பை முறித்த மயக்கம் என்று குற்றப்பத்திரிகை நீள்கிறது. குளிர்காலத் தொடக்கத்தில் அவரும் அவர் தோழர்களும் தீயவை எனக் கருதிய நூல்களைத் தீயிலிடும் வழக்கமும் வைத்திருந்தனர். 1946 மார்ச்சு மாதம், தெகரான் நீதிமன்றத்துக்குள்ளேயே மதவெறியர்கள் அவரைக் கொன்றனர்.

கஸ்ரவி நூல்களைத் தீயிட்ட அந்த நாற்பதுகளில், 1943-இல், தமிழ்நாட்டில் என்ன நடந்தது? கம்பராமாயணத்தையும் பெரிய புராணத்தையும் கொளுத்தலாமா என்று சொற்போர்! ஒரு பக்கம் அண்ணா. எதிர்ப்பக்கம் சென்னையில் ரா. பி. சேதுப்பிள்ளை, சேலத்தில் நாவலர் சோமசுந்தர பாரதியார். எதிர்நின்ற இருவரும் நெல்லைச் சீமையினர் என்பதை இங்கே நினைவூட்டுவதில் நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி. 'தீ பரவட்டும்' என்ற பெயரில் அது நூலாக நம் கையில் இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இரு நாடுகள், ஒரே பத்தாண்டில், ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றன: அழகிய பாட்டு ஒரு மக்களை அடிமையாக்குமானால் அந்தப் பாட்டை என்ன செய்வது?

கஸ்ரவியின் குற்றச்சாட்டில் பெரும்பகுதி நமக்கு உடன்பாடு. தர்வீசின் பிச்சைப் பாத்திரத்தை ஞானத்தின் சின்னமாக்கிய கவிதை, பசித்தவனைப் பசியோடே இருக்கச் சொல்லும் கவிதைதான். ஆனால் இரண்டு இடங்களில் அவரோடு நாம் பிரிகிறோம். மேலைநாட்டுக் கீழைக்கலை அறிஞர்கள், கிழக்கை மயக்கத்தில் ஆழ்த்தவே சூஃபிக் கவிதையைப் போற்றினர் என்று அவர் ஐயுற்றார். ஐயத்துக்குக் காரணம் உண்டு. வில்லியம் ஜோன்ஸ் 1771-இல் பாரசீக இலக்கணம் எழுதியபோது, அதைக் கற்க நின்றவர்களுள் கும்பினி அலுவலர் பலர். 1837 வரை கும்பினியின் நீதிமன்ற மொழியும் அதுவே. எனினும் எல்லாரையும் ஒரே கயிற்றில் கட்டலாகாது. நான்கு தொகுதிகளாகப் பாரசீக இலக்கிய வரலாறு எழுதிய பிரவுன், 1910-இல் ஈரானியப் புரட்சியை ஆதரித்தும் நூல் எழுதினார்; தம் சொந்த அரசின் கொள்கையை எதிர்த்தே எழுதினார். நம் பக்கத்தில் முகம்மது உசைன் நயினார், ஆர்க்காட்டு நவாபின் பாரசீக வரலாற்றை 1934 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வழியே ஆங்கிலத்தில் தந்தார். அவர் போன்றோர் இல்லையேல் நம் நாட்டில் வரி தண்டியவன் நம்மைப் பற்றி என்ன எழுதி வைத்தான் என்பதுகூட நமக்குத் தெரிந்திராது.

மற்றது தீ. கஸ்ரவி ஹாஃபிஸைப் படித்தார். சொல் சொல்லாகப் படித்தார். அதனால் அவர் கோபத்துக்கு மதிப்புண்டு. ஆனால் எரிந்துபோன நூலை அடுத்த தலைமுறை எப்படிப் படித்துக் கோபப்படும்? கடன் வாங்கிய கோபம்தான் மிஞ்சும். கஸ்ரவி சொன்னார், ஆகவே தீயது என்பதற்கும், பீர் சொன்னார், ஆகவே நல்லது என்பதற்கும் நமக்கு வேறுபாடு தெரியவில்லை.

சூஃபியத்தின் உள்ளேயே இருக்கும் புண்ணும் இதுதான். முல்லாவின் சட்டத்தை எதிர்த்து எழுந்தவர்கள் அவர்கள். தன்னையே மெய்ப்பொருள் என்று சொன்னதற்காக 922-இல் பாக்தாதில் ஹல்லாஜ் கொல்லப்பட்டார். அந்தத் துணிவை எந்தப் பகுத்தறிவாளன் மதிக்காதிருப்பான்? ஆனால் முல்லாவை வாசலில் தடுத்தவர்கள், பீரைப் பின்வாசல் வழியே அழைத்து நடுவீட்டில் அமர்த்தினர். குருவின் கையில் பிணம்போல் கிட என்றனர். கலகம் செய்தவனின் கல்லறைக்குப் பரம்பரைக் காவலர் தோன்றினர், உண்டியல் தோன்றியது. தரகை ஒழிக்க வந்ததே தரகாயிற்று.

இவ்வளவு தொலைவு அலைந்துவிட்டு, பேருந்து ஏறினால் எட்டிவிடும் தென்காசிக்கு வருவோம். பீர்முகம்மது அப்பா பிறந்த ஊர் அது. பதினேழாம் நூற்றாண்டினர் என்பது பெரும்பான்மைக் கருத்து. தக்கலையில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானார். தறியில் நெய்து பிழைத்தவர் என்று மரபுரை கூறும். தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த சங்கரன்கோவில் இளைஞனுக்கு இது காதில் விழவேண்டும்: பிச்சைப் பாத்திரம் ஏந்தாத ஞானி! கஸ்ரவியின் முதற் குற்றச்சாட்டு இந்த நெசவாளியிடம் செல்லாது. ஞானப்புகழ்ச்சி, ஞானமணிமாலை, ஞானக்குறம், ஞானரத்தினக் குறவஞ்சி எனப் பல நூல்கள். குறவஞ்சி! குற்றாலத்துக் காற்று வீசும் தென்காசிக்காரர், மெய்ப்பொருள் பேசுவதற்கு மலைக்குறத்தியின் வடிவத்தை எடுத்தார். பாரசீகப் புலவன் மதுக்கடைக்காரனையும் சாகியையும் அழைத்தான். நம்மவர் குறி சொல்லும் பெண்ணை அழைத்தார். எந்த நாட்டிலும் சமயத் தலைவனின் மேடைக்கு வெளியே நிற்பவரைத்தான் இவர்கள் துணைக்கு அழைத்தார்கள் போலும்.

குணங்குடி மஸ்தான் சாகிபு இன்னொருவர், 1838-இல் மறைந்தவர். அவனா, அவளா என்று சொல்லாமல் தப்பிக்கத் தமிழில் வழியில்லை. பாரசீகனுக்குக் கிடைத்த அந்த 'ஊ' இவருக்குக் கிடைக்கவில்லை. என்ன செய்தார்? பெண்ணாகவே தேர்ந்தார், மனோன்மணி என்று சைவ மரபின் பெயரையே சூட்டி அழைத்தார். கண்ணி பாடினார். முகியித்தீன் மீது ஒரு சதகம், அகத்தீசர் மீது ஒரு சதகம்! திருத்தணிகைச் சரவணப் பெருமாள் ஐயர் அவர்மீது நான்மணிமாலை பாடினார். முசுலிம் புலவரை ஐயர் ஒருவர் பாட, அந்தப் புலவர் அகத்தியரைப் பாட, தமிழ் நடுவே நின்று சிரித்திருக்கும்.

அந்த முகியித்தீன் யார்? காஸ்பியன் கடலோரத்துக் கீலானில் பிறந்து 1166-இல் பாக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானி; பிறப்பால் பாரசீகர். கடையத்துக்குப் பக்கத்தில் பொட்டல்புதூர் தர்கா அவர் பெயரில், நம் கோயில் கட்டடக் கலையில் எழுந்து நிற்கிறது. நெல்லைச் சீமையில் மைதீன் என்று பெயர் கொண்டவர் எத்தனை ஆயிரவர்! அந்தப் பெயர் அவர் தந்தது. வரி கேட்ட பாரசீகம் கச்சேரியில் தங்கிற்று. இந்தப் பாரசீகர் வீட்டுப் பெயரானார். அதற்காகத் தர்காவில் நேர்ச்சை செய்க என்று நாம் சொல்ல மாட்டோம். பேய் பிடித்தவளைச் சங்கிலியில் கட்டும் கொடுமை எந்தத் தர்காவில் நடந்தாலும், எந்தக் கோயிலில் நடந்தாலும் அதை எதிர்ப்போம். ஆனால் வரியால் நுழைய முடியாத நெஞ்சில் எது நுழைந்தது என்று ஆராயாமல் விடுவது சோம்பல்.

தக்கலையில் ஆண்டுதோறும் ரஜப் மாதத்து நினைவுநாள் இரவில், ஞானப்புகழ்ச்சியை ஊரார் கூடி அமர்ந்து பாடுகின்றனர். இன்றும் நடக்கிறது. அதே தக்கலையில்தான், 'மைலாஞ்சி' எழுதிய கவிஞர் எச். ஜி. ரசூல், இசுலாமும் மதுவும் பற்றிய ஒரு கட்டுரைக்காக 2007-இல் ஊர்விலக்கம் செய்யப்பட்டார். சூஃபி மரபை ஆராய்ந்தவர், 2017-இல் மறைந்தார். மதுவை உவமையாக்கி உலகையே வென்ற ஒரு கவிதை மரபின் பெயரால் விளங்கும் ஊர், மதுவைப் பற்றி ஆராய்ந்து எழுதியவனைத் தாங்கிக்கொள்ளவில்லை. பாடலைப் பாடுவோர்க்கும் பொருளைக் கேட்போர்க்கும் இடையே எவ்வளவு தொலைவு!

பனவடலிசத்திரத்துத் தம்பிகளுக்கு ஒரு சொல் அனுப்பியிருக்கிறோம். அடுத்த முறை அவ்வழி வரும்போது ஞானப்புகழ்ச்சியில் ஒரு படி கொண்டு வருகிறோம். அதில் கிடக்கும் அரபுச் சொற்களுக்குப் பொருள் எழுதிய தாள் ஒன்றும் கூட வரும். சிலவற்றுக்கு நமக்கே இன்னும் பொருள் பிடிபடவில்லை, மேலப்பாளையத்து ஆலிம் ஒருவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ரூமியை அதற்குப் பின் வைத்துக்கொள்ளலாம். தேநீர் அவர்கள் செலவு.